மலைப் பாதையில் ரேஸ் சைக்கிள்: ஏறத் தெரியும், இறங்கத் தெரியுமா?

கேள்வி, கொட்டகலையிலிருந்து ஒரு அக்கா, 2025 பெப்ரவரி 8:

"ஞாயிறு காலையில் பத்தனைச் சந்தியிலிருந்து தலவாக்கலைப் பக்கம் ரேஸ் சைக்கிளில் ஒரு கூட்டம் போகிறது. அதில் பாதிப் பேர் ஓ.எல். (சாதாரண தரம்) படிக்கும் பிள்ளைகள். இந்தப் பாதையில் பஸ்ஸும் லொறியும் போகவே இடமில்லை. சைக்கிள் ஓட ஆசையென்றால் யாழ்ப்பாணம், அநுராதபுரம் என்று சமதரைக்குப் போங்கள். மலையில் ஓட்டுவது தற்கொலை. பெரியவர்களே பிள்ளைகளைக் கெடுக்கலாமா?"

2025 பெப்ரவரி 9, ஞாயிறு மாலை

அந்தக் கூட்டத்தின் கடைசியில் பச்சை ஜாக்கெட் போட்டு மூச்சு வாங்கிக்கொண்டு போகிறவன் நான்தான். பதில் சொல்லும் கடமையும் எனக்குத்தான்.

பாதை ஒடுக்கம், சரி. சாரதிகள் அவசரக்காரர்கள், அதுவும் சரி. சமதரைக்குப் போகச் சொல்வதில்தான் இடிக்கிறது. பிள்ளைகளின் வீடும் பாடசாலையும் இங்கே. அநுராதபுரம் போய்வர பஸ் காசு யார் தருவது? அதோடு நேரான பாதை பத்திரம் என்று யார் சொன்னது? யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில் பஸ் வரும் வேகத்தை ஒருதரம் ஓரத்தில் நின்று பாருங்கள் அக்கா. இங்கே ஏற்றத்தில் பஸ்ஸே முனகிக்கொண்டுதான் வருகிறது.

ஏறும்போது நாங்கள் போவது மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். விழுந்தால் முழங்கால் தேயும், அவ்வளவுதான். அதே பாதையில் திரும்பி இறங்கும்போது, பெடல் மிதிக்காமலே ஐம்பதைத் தாண்டிவிடும். ஆபத்து முழுக்க அந்தப் பக்கம்தான். ஆனால் பயிற்சி என்றாலே எல்லாருக்கும் ஏறுவதுதான் ஞாபகம் வருகிறது. யார் முதலில் ஏறினான், எத்தனை நிமிஷம், யார் இறங்கித் தள்ளினான். இறங்குவதற்கு "பிரேக்கைப் பிடிச்சுக்கோ" என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது.

எங்களிடம் வரும் புதுப் பிள்ளை முதல் மாதம் முழுக்க இறங்கத்தான் பழக வேண்டும். ஒரு சின்ன இறக்கம், தோட்டப் பாதைக்குள், வாகனம் இல்லாத நேரம். மேலே தள்ளிக்கொண்டு போ, இறங்கு, திரும்பத் தள்ளு. அலுத்துப்போய்ப் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். ஓடட்டும்.

நாங்கள் விடிய ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவோம், அப்போது பாதை காலி. பஸ்கள் கூடும் நேரத்துக்குள் வீடு வந்துவிடலாம்.

அன்று இரவு

"ஏன் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் போகிறீர்கள், பாதை உங்கள் அப்பன் வீட்டுச் சொத்தா" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார்.

காலி ஏற்றத்தில் மட்டும் அப்படிப் போவோம். வாகனச் சத்தம் கேட்டால் கடைசியில் வருபவர் "பின்னால!" என்று கத்த வேண்டும், உடனே ஒற்றை வரிசை. ஆனால் ஒற்றை வரிசையிலும் கானை (வடிகாலை) ஒட்டிப் போகக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். தாருக்கும் கொங்கிரீட் கானுக்கும் நடுவில் பல இடங்களில் மூன்று விரல் அகல வெடிப்பு இருக்கிறது. ரேஸ் டயர் 25 மில்லிமீட்டர். உள்ளே போனால் முன்சில்லு அங்கேயே நிற்கும், ஆள் மட்டும் போவான். அதோடு ஓரத்தில் ஒதுங்க ஒதுங்க, பின்னால் வருபவர் இடம் இருக்கிறது என்று நினைத்து நுழைந்துவிடுவார். ஓரத்திலிருந்து ஒரு மீட்டர். திட்டு வாங்குவோம், பரவாயில்லை.

பெப்ரவரி 12

பஸ்காரர்களைத் திட்டி நிறையப் பேர் எழுதுகிறீர்கள். நானும் திட்டுவேன். போன வருஷம் ஒரு தனியார் பஸ்ஸின் பக்கக் கண்ணாடி என் முழங்கையைத் தட்டிவிட்டுப் போனது, நிற்கவும் இல்லை. ஆனால் சில விஷயத்தில் சாரதிமேல் குற்றமே இல்லை. இதைப் பிள்ளைகளுக்குத் தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டுவேன்.

வலப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவில் ஏறுகிறோம் என்று வையுங்கள். இடப்பக்கம் ஓட்டும் நாடு, ஆகவே நாம் வளைவின் வெளிப்பக்கம். மேலிருந்து இறங்கும் பஸ்ஸுக்கு உள்பக்கம். அந்த உள்வட்டம் சின்னது, நீண்ட பஸ் அதற்குள் திரும்பாது. முகத்தை நம் பக்கம் விட்டுத்தான் ஒடித்தாக வேண்டும். சாரதி மகாத்மாவாக இருந்தாலும் அப்படித்தான்.

இடப்பக்க வளைவில் வேறு தொல்லை. பின்னால் ஏறி வரும் பஸ் நம்மை முந்தப் பார்க்கும். அதன் பின்சில்லு, முன்சில்லு போன தடத்தில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். அந்த உள்பக்கத்தில்தான் நாம் இருக்கிறோம். பஸ்ஸின் முகம் நம்மைத் தாண்டிவிட்டது, தப்பினோம் என்று நினைக்கும் அந்த விநாடிதான் மோசம்.

ஆகவே வளைவுக்கு அந்தப் பக்கம் ஹோர்ன் கேட்டால், வளைவுக்கு முன்பே நில். காலை ஊன்று. பஸ் போகட்டும். பிள்ளைகளுக்கு இது பெரிய மானப் பிரச்சினை. ஓடிய நேரத்தைப் பதியும் ஸ்ட்ராவா செயலியில் நேரம் கெட்டுவிடுமாம்.

பெப்ரவரி 23, ஞாயிறு

புசல்லாவையிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார். லபுக்கலையிலிருந்து றம்பொடைக்கு இறங்கும்போது, ஆணியும் இல்லை கண்ணாடியும் இல்லை, பின்டியூப் படீரென்று வெடித்ததாம். புது டியூப். கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

இல்லை தம்பி, அனேகமாகச் சூடு. நான் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், இயந்திரம் பார்க்கும் பிட்டர் வேலை செய்பவன், உராய்வும் சூடும் என் அன்றாடச் சோறு. கணக்கைப் பாருங்கள். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 75 கிலோ. 800 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியேற வேண்டிய சக்தி கிட்டத்தட்ட 590 கிலோ ஜூல். 20 பாகையில் இருக்கும் ஒன்றரை லிட்டருக்கும் மேலான தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அவ்வளவும் எங்கே போகும்? ஒரு பங்கு காற்றுக்கு, மிச்சம் ரிம்முக்கு. ரிம் சுட்டால் உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் ஏறும், டயரின் விளிம்பு இளகும், டியூப் பிதுங்கும்.

பயந்து பயந்து மெதுவாக, பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே இறங்குபவருக்குத்தான் ரிம் அதிகம் சுடும். வேகம் குறைவென்றால் காற்று எதையும் வாங்கிக்கொள்ளாது, எல்லாம் ரிம்மின் தலையில். நேரான துண்டில் பிரேக்கை விடுங்கள், நிமிர்ந்து உட்காருங்கள், நெஞ்சால் காற்றைப் பிடியுங்கள். வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் அழுத்தமாக, சுருக்கமாக. வளைவுக்குள் நுழைந்த பிறகு பிடிக்கக் கூடாது. ரிம் ஆறுவதற்கு இடைவெளி வேண்டும். நீண்ட இறக்கத்தில் நடுவில் ஒரு இடத்தில் நின்று, விரலின் பின்பக்கத்தால் ரிம்மைத் தொட்டுப் பாருங்கள். வைத்திருக்க முடியவில்லையென்றால் ஒரு பிளேன்டி குடித்துவிட்டுப் போகலாம்.

வீட்டுக்குப் போனதும் பிரேக் கட்டையைக் கழற்றிப் பாருங்கள். கறுப்பு ரப்பருக்குள் மினுமினுவென்று வெள்ளைப் பொடி குத்திக்கொண்டு நிற்கும். அது ரிம்மிலிருந்து உதிர்ந்த அலுமினியம். அதோடு ஓட்டினால் கட்டை ரிம்மை அரம் மாதிரி ராவும், மழை நாளில் அந்த நறநறச் சத்தம் அதுதான். ஊக்கு முனையால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுங்கள், பிறகு கரடுமுரடான கடதாசியில் இரண்டு தேய்ப்பு. சனிக்கிழமை மாலையில் எங்கள் பிள்ளைகள் லயத்து (தோட்ட வீட்டு வரிசை) வாசலில் உட்கார்ந்து இதைத்தான் செய்வார்கள். பேன் பார்க்கிறீர்களா என்று ஆயாமார் கேட்பார்கள்.

மார்ச் 2

"டிஸ்க் பிரேக் வாங்கினால் இந்தப் பாடமெல்லாம் தேவையில்லை" என்று கொழும்புப் பக்கத்திலிருந்து ஒருவர்.

டிஸ்க் நல்லதுதான், மழையில் மிகவும் நல்லது. ஆனால் அந்த 590 கிலோ ஜூல் எங்கும் ஓடிப்போகாது, ரிம்முக்குப் பதிலாகச் சின்னத் தகட்டுக்குப் போகும். தேய்த்துக்கொண்டே வந்தால் அந்தக் கட்டையும் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகிப் பிடிக்காமல் போகும். அப்புறம் விலை. எங்கள் கூட்டத்தில் பாதிச் சைக்கிள்கள் கை மாறி வந்தவை. இரண்டு பிள்ளைகள் இன்னும் கியர் இல்லாத லுமாலா என்ற உள்ளூர்ச் சைக்கிளில்தான் வருகிறார்கள். இந்த வருஷம் (2025) தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய். அதிலிருந்து மிச்சம் பிடித்து டிஸ்க் சைக்கிள் வாங்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

லுமாலாக்காரன் ஒருவன் கொட்டகலை ஏற்றத்தில் கார்பன் சைக்கிள்காரர்களைத் தாண்டிப் போனான். அதை நான் இங்கே எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்குத் தலைக்கனம் வந்துவிடும்.

மார்ச் 16, ஞாயிறு

பாடசாலை அணிக்குப் பயிற்சி அட்டவணை கேட்ட டிக்கோயா சேருக்கு. அட்டவணை என்று எழுதி ஒட்ட என்னிடம் எதுவும் இல்லை, செய்வதைச் சொல்கிறேன்.

இந்தக் கூட்டம் 2022இல் தொடங்கியது. பெட்ரோல் வரிசை மைல் கணக்கில் நின்ற காலம், ஆசிரியர்கள்கூடச் சைக்கிளைத் தேடிய காலம். பெட்ரோல் வந்ததும் பெரியவர்களின் சைக்கிள் சுவரில் ஏறிவிட்டது, பிள்ளைகள் மட்டும் இறங்கவில்லை. பவர் மீட்டர், இதயத் துடிப்புப் பார்க்கும் நெஞ்சுப் பட்டி எதுவும் எங்களிடம் கிடையாது. கிலோமீட்டர் கல் இருக்கிறது, வாய் இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் முழு வசனம் பேசிக்கொண்டே ஏறும் வேகம். பேச முடியாவிட்டால் வேகம் அதிகம். ஒரு நாள் மட்டும் கடுமை: ஒரு கல்லிலிருந்து அடுத்த கல் வரை ஒரு சொல்லுக்கு மேல் பேச முடியாத வேகம், பிறகு மெதுவாக இறங்கி, திரும்ப. வளரும் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் தேவையில்லை. முழங்கால் வலிக்கிறது என்று யாராவது சொன்னால் முதலில் ஆசன உயரத்தைப் பாருங்கள். அண்ணனின் சைக்கிளைத் தம்பி ஓட்டும் ஊர் இது.

பிரதான வீதிகளின் ஏற்றம் உண்மையில் அத்தனை கடுமை இல்லை. ரயில் பாதையின் மிகக் கடும் ஏற்றமே 44க்கு 1தான், அதாவது 44 அடி போனால் ஓரடி உயரம். பழைய வீதிகள் அதைவிடச் செங்குத்து, ஆனாலும் வண்டி மாடு ஏறக்கூடிய மாதிரி வளைத்து வளைத்துப் போட்டவை. தோட்டப் பாதைகள் வேறு ரகம், டிராக்டருக்குப் போட்டவை, அங்கே கியர் உள்ளவனும் இறங்கித் தள்ளுவான். நுவரெலியா நகரம் 1,868 மீட்டர், அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழ்நாட்டு அணிகள் இங்கே வந்து முதல் ஏற்றத்திலேயே முழு வேகம் பிடித்து, நானுஓயா வரும்போது முகம் வெளிறி நிற்பது அதனால்தான். நமக்கு அது பழகிய காற்று. கொஞ்சம் சிரித்துக்கொள்வோம்.

ஏற்றத்தில் ஒன்றாகப் போக வேண்டிய அவசியமில்லை. அவரவர் வேகம், மேலே கோவில் வாசலில் எல்லாரும் சேர வேண்டும், கடைசி ஆள் வந்து தண்ணீர் குடித்து முடிக்கும்வரை யாரும் கிளம்பக் கூடாது. முன்னால் வந்தவன் ஆறிப்போய் நடுங்கினாலும் சரி. இறங்கும்போது, பொறுமைசாலி ஒருவர் முன்னால், அவரை யாரும் தாண்டக் கூடாது. ஒரு கம்பத்தை முன்னால் இருப்பவர் தாண்டியதும் மெதுவாக ஒன்று, இரண்டு, மூன்று சொல்லிப் பார். அதற்குள் நீ அந்தக் கம்பத்துக்கு வந்துவிட்டால் நெருக்கம். ஈரமென்றால் ஐந்து வரை.

சாப்பாடு: ரொட்டியும் கட்டச் சம்பலும் விடிய, வாழைப்பழம் சட்டைப் பையில். போத்தலில் ஜீவனி கரைத்த தண்ணீர். அது வயிற்றுப்போக்குக்குத் தரும் உப்புத்தூள் என்று தெரிந்ததும் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு அதைவிட மலிவாக எதுவும் கிடைக்காது என்றும் தெரிந்துகொண்டார்கள்.

ஏப்ரல் 13

சுற்றுலாச் சீசன் தொடங்கிவிட்டது. நுவரெலியா வீதிகளில் வான் வண்டி மயம். மாத முடிவு வரை நாங்கள் அக்கரப்பத்தனைப் பக்கம் போய்க்கொள்கிறோம், அந்தப் பக்கம் கொழுந்து லொறிதான் வரும். அதன் சாரதிக்கு எங்கள் பிள்ளைகளின் வீட்டுப் பெயர் வரை தெரியும்.

புத்தாண்டுக்கு ஊருக்கு ஊர் சைக்கிள் போட்டி வைக்கிறார்கள், நல்ல விஷயம். அதில் ஓடலாமா என்று கேட்ட பிள்ளைகளுக்கு ஒரு கேள்விதான்: முடிவுக் கோடு எங்கே? ஏற்றத்தின் உச்சியில் என்றால் ஓடுங்கள். இறக்கத்தின் அடியில், சந்திக்குள் என்றால் வீட்டில் பால்சோறு சாப்பிடுங்கள். வேடிக்கை பார்ப்பவர்களும் வளைவின் வெளிப்பக்கம் நிற்கக் கூடாது. போன வருஷம் ஏப்ரல் 21இல் தியத்தலாவை பொக்ஸ் ஹில் கார்ப் போட்டியில் ஒரு கார் தடத்தை விட்டு விலகி ஏழு பேர் இறந்தார்கள். சைக்கிளில் அந்த எடை இல்லை, ஆனாலும் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஆள் ஆள்தான்.

மே 11, ஞாயிறு இரவு

இன்று விடியுமுன் கொத்மலை கெரண்டிஎல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்தது எல்லாருக்கும் தெரியும். கதிர்காமத்திலிருந்து குருணாகலுக்குப் போன பஸ். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். நாங்கள் இன்று பாதி வழியில் திரும்பி வந்துவிட்டோம். இன்றைக்கு இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

மே 25

பெப்ரவரியில் "ஐந்து மணிக்குக் கிளம்புவோம், பாதை காலி" என்று எழுதியிருந்தேன். அதை மாற்றிவிட்டோம். நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் இனிக் கிளம்பல், ஆறேகாலுக்கு முன் ஒருவரும் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது.

பாதை காலிதான். ஆனால் அந்த நேரத்தில் வரும் ஒன்றிரண்டு வாகனமும் இரவு முழுக்க ஓடி வந்த வாகனம். சிவனொளிபாதமலைக் காலத்தில், அதாவது டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை, நல்லத்தண்ணியிலிருந்து ஹட்டன் பக்கம் வரும் வான்களைப் பாருங்கள். உள்ளே எல்லாரும் தூக்கம், ஓட்டுபவரும் மலை ஏறி இறங்கியவர். கண் திறந்திருக்கும், ஆள் விழித்திருக்கிறாரா என்று தெரியாது. பஸ்கள் கூடும் எட்டு மணிப் பாதை நெரிசல்தான், ஆனால் அதில் எல்லாரும் விழித்திருக்கிறார்கள். நெரிசலையே எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. விழுந்தால் யாரைக் கூப்பிடுவது என்று பிள்ளைகளிடம் கேட்டேன், பாதிப் பேர் "ஆட்டோ" என்றார்கள். 1990. சுவசெரிய அம்புலன்ஸ், இலவசம். அடிபட்டவரின் கழுத்தை அசைக்காமல் ஆட்டோவில் ஏற்ற யாராலும் முடியாது. கூப்பிட்டால் இடம் சொல்லத் தெரிய வேண்டும்: எந்த வீதி, எத்தனையாவது கிலோமீட்டர் கல், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன். "பெரிய மரத்துக்குப் பக்கத்துல" என்றால் வரமாட்டார்கள், வரவும் முடியாது. பள்ளத்தாக்குகளில் சிக்னல் கிடைக்காது. அதனால் எந்த இடத்தில் கிடைக்கும் என்பதையும் ஏறும்போதே பார்த்து வைப்போம். ஹெல்மெட்டுக்குள் பிளாஸ்டர் துண்டில் வீட்டுத் தொலைபேசி இலக்கமும் இரத்த வகையும்.

ஜூன் 15

மழை. வட்டவளைப் பக்கம் நான் எட்டிப் பார்க்கவே இல்லை. தென்மேற்குப் பருவம் ஹட்டன், கினிகத்தேனைப் பக்கத்தைக் கழுவிக்கொண்டிருக்கும்போது ஊவாப் பக்கம் காய்ந்து கிடக்கும். வெலிமடை, பண்டாரவளை, ஹப்புத்தளை. டிசம்பர், ஜனவரியில் தலைகீழ். இரண்டு பக்கமும் சொந்தக்காரர் உள்ளவர்கள் பாக்கியசாலிகள். ஆனால் அங்கே இப்போது கச்சான் (தென்மேற்குக்) காற்று, ஹப்புத்தளை இடைவெளியில் பக்கவாட்டில் அடித்தால் ஆளோடு சைக்கிளைத் தள்ளும். உயரமான ரிம் போட்டவர்கள் அங்கே பந்தா காட்ட வேண்டாம்.

நுவரெலியாவிலிருந்து வெலிமடைக்குப் போகிறவர்களுக்கு: சீதாஎலிய கோவிலில் நின்று மூச்சு விட்டு, பிரேக் பார்த்துவிட்டு ஹக்கலை இறக்கத்துக்குள் போங்கள். நீண்ட இறக்கம். லொறியே பிரேக் சூடேறித் திணறும் இடம், பின்னால் வரும் லொறியைத் தாண்டவிட்டு அதன் பின்னால் போவது உத்தமம்.

குறுக்கு வழிப் பிரியர்களுக்கு: நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் நாங்கள் ஏறுவோம், இறங்கமாட்டோம். 2023 ஜனவரி 20இல் பாடசாலைச் சுற்றுலா பஸ்ஸும் வானும் ஆட்டோவும் மோதி ஏழு பேர் இறந்த பாதை அது. நேரம் மிச்சம் என்று யாரும் என்னிடம் கணக்குக் காட்ட வேண்டாம்.

மழையில் முதல் பிடியில் பிரேக் பிடிக்காது, சில்லு இரண்டு மூன்று சுற்றுச் சுற்றித் தண்ணீரைத் துடைத்த பிறகுதான் பிடிக்கும். அதனால் தேவைக்கு முன்பே இலேசாகத் தொட்டுக்கொண்டே வா. வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, பாலத்தின் இரும்பு இணைப்பு, மூன்றிலும் திரும்பாதே, நேராகத் தாண்டு. வளைவில் வானவில் நிறம் தெரிந்தால் டீசல்.

ஜூலை 20

ஒரு அம்மா தனியாக எழுதினார், பெயரைச் சொல்ல வேண்டாம் என்றார். மகள் வரப் பிரியப்படுகிறாள், தோட்டத்தில் என்ன பேசுவார்கள் என்று பயம்.

பேசத்தான் செய்வார்கள் அம்மா. எங்களிடம் இப்போது மூன்று பெண் பிள்ளைகள். முதலாவது வந்தபோது கோவில் கமிட்டி வரை பேச்சுப் போனது. இப்போது அதே கமிட்டிக்காரர் தன் பேத்திக்கு ஆசன உயரம் எவ்வளவு வைப்பது என்று என்னிடம் கேட்கிறார். தளர்ந்த காற்சட்டை மட்டும் வேண்டாம், செயினில் மாட்டும். மற்றபடி அவரவர் விருப்பம். பெண் பிள்ளை தனியாகப் பயிற்சிக்குப் போகக் கூடாது என்று ஒரு விதி போட்டேன், அதற்கு அவர்களே சண்டைக்கு வந்தார்கள்: ஆண் பிள்ளை மட்டும் தனியாக விழுந்தால் யார் தூக்குவது? நியாயம். இப்போது யாருமே தனியாகப் போவதில்லை.

வானில் போகிறவர்கள் கத்திவிட்டுப் போவது நிற்கவில்லை. இலக்கத்தை மனப்பாடம் செய்து ஒருதரம் பொலிஸில் சொன்னோம். எழுதிக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 17

குளவி. இதை எப்படி இத்தனை நாள் எழுதாமல் விட்டேன் என்று தெரியவில்லை, கொழுந்து எடுக்கும் பெண்களைக் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வார்கள். உயர்ந்த மரக்கிளையில், பாறை இடுக்கில் கூடு. வெயிலும் காற்றும் சேர்ந்த நாளில், கழுகு தட்டிவிட்டால் கூட்டமாக இறங்கும். சைக்கிள்காரனுக்கு ஹெல்மெட் ஓட்டைக்குள் ஒன்று நுழைந்தாலே போதும், இரண்டு கையும் தலைக்குப் போகும். நடுப்பாதையில், இறக்கத்தில்!

ஒன்று நுழைந்தால்: முதலில் பிரேக், பிறகு ஓரம், பிறகுதான் ஹெல்மெட்டைக் கழற்றுவது. கூட்டமாக வந்தால் கை வீசாமல் அந்த இடத்தை விட்டு ஓட வேண்டும், சைக்கிள் கிடக்கட்டும். மலையில் பெண்கள் கூச்சல் போட்டு ஓடுவது தெரிந்தால் அந்தப் பக்கம் போகாதே. கொட்டு வாங்கியவருக்கு மூச்சுத் திணறல், உதடு வீக்கம் என்றால் சுண்ணாம்பு தடவிக்கொண்டு உட்காராமல் நேராக வைத்தியசாலை.

செப்டம்பர் 7

கொட்டகலை அக்கா திரும்ப எழுதியிருக்கிறார். 4ஆம் திகதி இரவு எல்ல வெல்லவாய வீதியில் பஸ் விழுந்து 15 பேர் இறந்ததைச் சொல்லி, "இனியும் வாதாடுவீர்களா" என்று.

வாதாட மனசில்லை. தங்காலையிலிருந்து சுற்றுலா வந்தவர்கள், பாவம். ஆனால் அக்கா, மே மாதம் விடியுமுன், இது இரவு. இரண்டும் இருட்டில், நீண்ட ஓட்டத்தில், இறக்கத்தில். நாங்கள் அந்த மூன்றிலிருந்தும் விலகத்தான் பார்க்கிறோம். இருட்டில் ஓடுவதில்லை. தூரத்தைக் குறைத்துவிட்டோம். இறக்கம் மட்டும் விலக்க முடியாதது, ஏறினால் இறங்கியாக வேண்டும். சில நாள் அதையும் விலக்குகிறோம்: நானுஓயா வரை ஏறிவிட்டு, மழை பிடித்தால் சைக்கிளை ரயிலிலோ தெரிந்தவரின் லொறியிலோ போட்டுக்கொண்டு வருகிறோம். பிள்ளைகளுக்கு அது அவமானம், எனக்கு இல்லை.

உங்கள் பயம் பொய் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை.

ஒக்டோபர் 5

இறங்கும்போது குளிருக்குப் போடும் ஜாக்கெட் எங்கே வாங்குவது? வாங்க வேண்டாம். ஞாயிறு வீரகேசரிப் பத்திரிகையை இரண்டாக மடித்துச் சட்டைக்குள் நெஞ்சில் வையுங்கள். காற்றும் புகாது, கீழே வந்ததும் படிக்கவும் ஆகும். ஒருவர் விளம்பரப் பக்கத்தை மட்டும் வைத்தாராம், மணமகன் தேவை என்று நெஞ்சில் மை பதிந்துவிட்டது. வீட்டில் நல்ல விசாரணை நடந்திருக்கிறது.

டிசம்பர் 14

பாதை திறந்துவிட்டதா, எப்போது ஓடலாம் என்று கேட்டு வருகிறது. டித்வா புயல் போன பிறகு நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண் சரியாத பாதையைத் தேட வேண்டியிருக்கிறது. எங்கள் பிள்ளைகளில் இரண்டு வீட்டார் இன்னும் பாடசாலைக் கட்டடத்தில். சைக்கிள் இப்போதைக்குப் பயிற்சிக்கு இல்லை. வாகனம் போகாத ஒற்றையடித் துண்டுகளில் மாத்திரை, தீப்பெட்டி, போன் சார்ஜர் கொண்டுபோக அதுதான் உதவியது. மண் விழுந்த இடத்தில் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்கள்.

வேடிக்கை பார்க்கவும் படம் எடுக்கவும் கீழ்நாட்டிலிருந்து சைக்கிளில் வருவோம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். நனைந்த மண் இன்னும் இறுகவில்லை, வெட்டிய பக்கத்திலிருந்து கல் உருள்கிறது. பாதி வீதி மூடிய இடங்களில் கொடி பிடிப்பவர் விடும்வரை நில்லுங்கள். சைக்கிள் தானே என்று ஓரத்தால் நுழைந்தால், அந்த ஓரத்துக்கு அடியில் மண் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

2026 ஜனவரி 18

திரும்பத் தொடங்கிவிட்டோம், தோட்டத்துக்குள் மட்டும், சின்னத் துண்டில். டிக்கோயா சேர் தன் பிள்ளைகளுக்கும் முதலில் இறக்கம்தான் பழக்குகிறாராம். பாதிப் பேர் ஓடிவிட்டார்களா சேர்?

சேறு ரிம்மைத் தின்றுவிட்டது. எல்லாரும் ரிம்மின் பக்கவாட்டைப் பாருங்கள். சுற்றிவர ஒரு மெல்லிய பள்ளக் கோடோ, சின்னக் குழியோ இருக்கும். அது தேய்ந்து மறைந்திருந்தால் ரிம் முடிந்தது, மாற்றுங்கள். அடையாளம் இல்லாத ரிம்மென்றால் விரலால் தடவுங்கள், உள்ளே குழிந்திருந்தால் கொண்டு வாருங்கள், அளந்து சொல்கிறேன். என்னிடம் பழைய 32 கம்பி ரிம் ஒரு சோடி கிடக்கிறது, பின்சில்லுக்கு ஆகும். லுமாலாப் பிள்ளைகளுக்கு முதலில், மிஞ்சினால் மற்றவர்களுக்கு. சனிக்கிழமை மூன்று மணிக்குப் பிறகு வாருங்கள், அதற்கு முன் ஸ்டோரில் வேலை.